தள்ளுவண்டிக்கு 50,000 மானியமா? கிடைப்பது 15,000 கடன்

கேள்வி: பள்ளத்தூரில் குடியிருக்கிறேன். காரைக்குடியில் சாயங்காலம் தள்ளுவண்டி போட்டு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், இடியாப்பம் விற்கிறேன். கொரோனாவில் கடை நின்றபோது வாங்கிய தண்டல் இன்னும் தீரவில்லை. “கொரோனாவில் நொடித்த வியாபாரிகளுக்கு 50,000 மானியம் வந்திருக்கிறது, திருப்பிக் கட்ட வேண்டாம், 3,000 கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னார். ஆதார் நகலையும் என் செல்லுக்கு வந்த ஓடிபியையும் வாங்கிப் போயிருக்கிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? வெளியூர்க்காரியான எனக்குக் காரைக்குடியில் கிடைக்குமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு மானியம் கிடையாது. அவர் சொல்வது பிஎம் ஸ்வநிதி திட்டமாகத்தான் இருக்கும். ஊரடங்கில் தெருவியாபாரம் படுத்துப்போனதால் 2020 ஜூன் 1 அன்று மத்திய அரசு தொடங்கியது. உள்ளாட்சி அலுவலகம் பரிந்துரைக்கும், வங்கி கடன் கொடுக்கும். கடன் என்றால் திருப்பிக் கட்டும் கடன். கொரோனா போய்விட்டாலும் திட்டம் போகவில்லை, 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

50,000 என்ற எண்ணிக்கை பொய்யில்லை, ஆனால் அது மூன்றாம் படி. முதல் கடன் 15,000 வரை (முன்பு 10,000). அதை ஒழுங்காகக் கட்டி முடித்தால் 25,000. அதையும் கட்டினால் 50,000. முதல் தடவையே 50,000 வாங்கித் தருகிறேன் என்பவருக்குத் திட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று தெரியும்.

இதில் மானியம் என்று சொல்லத்தக்கது, வங்கி போடும் வட்டி விகிதத்தில் 7 சதவீதத்தை அரசு ஏற்பது மட்டும்தான். 15,000 கடனை 12 சதவீத வட்டியில் ஒரு வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 1,333 ரூபாய். வருடம் முழுக்க வட்டி 1,000 ரூபாய்க்குள் அடங்கும், அதில் 580 ரூபாய் போல உங்கள் கணக்குக்கே திரும்பி வரும். தவணை தவறிக் கணக்கு வாராக் கடனில் விழுந்தால் அந்த மாதங்களுக்கு இது வராது. ஆக, உங்களுக்கு வருடத்துக்கு 420 ரூபாயில் முடிகிற கடனுக்கு அந்த மனிதர் கேட்கும் கமிஷன் 3,000. ஐந்தில் ஒரு பங்கு! தண்டல்காரர்கூட 10,000-க்கு 1,500 பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். இவர் அவரையும் மிஞ்சிவிட்டார்.

இந்தக் கடனுக்கு ஜாமீன் கிடையாது, நகை கிடையாது, விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி எண் வேண்டாம். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு வேண்டாம்; வேண்டுமென்றாலும் அது இலவசம். புரோக்கர்கள் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் 500, 1,000 என்று கறப்பது வழக்கம்.

இப்போது வெளியூர் விஷயம். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே சிக்கலான இடம் இதுதான், அலுவலகங்களிலேயே குழப்புகிறார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, எங்கே விற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. சுற்றுப்பட்டு ஊரிலிருந்து நகரத்துக்குள் வந்து விற்பவர்களுக்கென்றே திட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே பள்ளத்தூர் பேரூராட்சிக்கு அலைய வேண்டாம், பரிந்துரைக் கடிதத்தைக் காரைக்குடி மாநகராட்சிதான் தர வேண்டும். “ஆதாரில் பள்ளத்தூர் விலாசம் இருக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள்” என்று கவுன்டரில் சொன்னால் நகர வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து இங்கே விற்பவர் என்ற பிரிவில் விண்ணப்பிக்கிறேன் என்று எழுதியே கொடுங்கள். காலையில் பள்ளத்தூரிலும் சாயங்காலம் காரைக்குடியிலும் கடை போடுபவரானால் ஆதாரம் வலுவாக இருக்கும் ஊரை மட்டும் காட்டுங்கள். இரண்டு ஊரிலும் விண்ணப்பம் போட்டால் இரண்டும் முடங்கிவிடும். கோட்டையூர், கண்டனூர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது அவை உள்ளே வந்துவிட்டன. ஆனால் அங்கும் பழைய பேரூராட்சி சீலை நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மாநகராட்சிக்குத்தான் போக வேண்டும்.

தெருவியாபாரி அடையாள அட்டை இருந்தால் பரிந்துரைக் கடிதமே தேவையில்லை. உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் அங்கே கடை போடுகிறீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். தினசரித் தரை வாடகை வசூலிப்பவர் கிழித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டு போதும். அதைத்தான் எல்லோரும் மாவு கையோடு கசக்கி எறிந்துவிடுகிறார்கள். நாளையிலிருந்து சேர்த்து வையுங்கள். வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, பழைய கடன் கணக்கு விவரம் இவையும் செல்லும். வண்டியோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்று எடுங்கள், பின்னால் கடைப் பெயர்ப்பலகையோ தெருப்பலகையோ தெரியட்டும். அடுப்பை மட்டும் பெரிதாக எடுத்த படத்தை வைத்து யாரும் இடத்தைச் சொல்ல முடியாது.

பரிந்துரைக் கடித மனுவை 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது வழிகாட்டு விதி. முடிப்பார்களா என்றால், மேசையைப் பொறுத்தது. “சார் மீட்டிங் போயிருக்கார்” என்பதையே பதிலாக வைத்து நடத்துகிறார்கள். ஒரு நாள் வியாபாரம் போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று அந்த மேசைக்கு யார் சொல்வது? புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனு. 15 நாள் தாண்டினால் முதல்வரின் உதவி மையம் 1100-க்குச் சொல்லுங்கள், அல்லது சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீல் போட்ட பிரதியைக் காட்டுங்கள்.

விண்ணப்பத்தில் செல் எண் உங்களுடையதாக, ஆதாரில் சேர்த்ததாக இருக்க வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆதாரில் ‘வள்ளியம்மை மு’ என்றும் பாஸ்புக்கில் ‘வள்ளிம்மை’ என்றும் இருந்தால் வங்கியில் அப்படியே நிற்கும். ரொம்ப நாள் போடாமல் எடுக்காமல் கிடக்கும் ஜன்தன் கணக்கானால், முதலில் கிளைக்குப் போய் அதை உயிர்ப்பித்துவிடுங்கள்.

வங்கியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை யாரிடமும் விடாதீர்கள். உங்கள் சேமிப்புக் கணக்குள்ள வங்கியையே போடுங்கள். கமிஷனுக்காக ஏஜென்ட்கள் நுண்கடன் நிறுவனத்தைக் காட்டிவிடுவார்கள், அங்கே வட்டி 20 சதவீதத்தைத் தாண்டலாம். அதில் 7 கழிந்து என்ன பயன்? கடன் தரும்போது காப்பீடு எடுத்தால்தான் என்று கிளையில் சொன்னால், அது திட்டத்தின் நிபந்தனை அல்ல. எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். க்யூஆர் அட்டை மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி உங்கள் கணக்கில் ஏறுகிறதா பாருங்கள். வேறொருவர் கணக்குக்குப் போகும் அட்டையை ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது.

வீட்டில் பலகாரம் சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர்களுக்கு வேறு திட்டம், வேறு அலுவலகம்; மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம்.

கடைசியாக அந்த ஓடிபி. ஆதார் நகலைவிட அதுதான் கவலை. உங்கள் பெயரில் அவர் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ‘முன்பே விண்ணப்பித்தவர்’ என்று நீங்கள் போடுவது திரும்பும். மாநகராட்சியில் தெருவியாபாரிகள் விண்ணப்பம் பார்க்கும் பிரிவில் ஆதாரைக் காட்டி, எந்த வங்கி, எந்தச் செல் எண் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் எண் இருந்தால் எழுத்து மூலம் ரத்து கேளுங்கள். அதே நாளில் பாஸ்புக்கையும் பதிவு போட்டுவிடுங்கள். தெரியாமல் ஒரு ரூபாய் போயிருந்தாலும் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசி, வங்கியில் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மனிதர் மறுபடி போன் செய்தால் எடுக்கவே வேண்டாம்.