குதிகால் முதல் மணிக்கட்டு வரை: தசை, தசைநாண் வலிக்குப் பதில்கள்

கேள்வி: காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது போல வலி. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். பயமாக இருக்கிறது. (ஆசிரியை, திருச்சி)

அந்த எலும்பு வளர்ச்சி வலியே இல்லாத பலருக்கும் இருக்கும், அதை மறந்துவிடுங்கள். வலிப்பது உள்ளங்கால் சவ்வு. கட்டிலை விட்டு இறங்கும் முன்பே கால்விரல்களைக் கையால் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்து 10 எண்ணுங்கள். இப்படி 10 முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும். ஆறு மாதம்கூட ஆகலாம். பத்து நாளில் விட்டுவிட்டு, குறையவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஐஸா, வெந்நீரா?

புது அடி, வீக்கம் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ், துணியில் சுற்றி 10-15 நிமிடம். பழைய இறுக்கத்துக்கு வெந்நீர். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் இரண்டையுமே தவிருங்கள், சுட்டாலும் தெரியாது.

கேள்வி: வயது 58. சர்க்கரை, பிபி இரண்டுக்கும் மாத்திரை உண்டு. குதிகாலுக்குப் பின்னால் நரம்பு தடித்து வலிக்கிறது. மூன்று மாதமாக மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். நிறுத்தினால் வலி திரும்புகிறது. இதைவிட நல்ல மாத்திரை சொல்லுங்கள். (மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

சொல்ல மாட்டேன். அது நரம்பு இல்லை, தசைநாண்; தசையை எலும்போடு கட்டிவைக்கும் நாண். மூன்று மாதமாக என்ன விழுங்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. காகிதக் கவரில் பெயரில்லாமல் வெட்டிப் போட்டுத் தரும் செட்டில் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், கூடவே அசிடிட்டி மாத்திரை. சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரை பிபியை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். சில பிபி மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கழுகு அளவுக்கு நமக்கு ஆபத்தில்லை, சரி. ஆனால் சர்க்கரையும் பிபியும் உள்ள உடம்பில் மூன்று மாதமா? இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். மீதி மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, எப்படிக் குறைப்பது என்று அவரே சொல்லட்டும்.

நாள்பட்ட தசைநாண் வலி மாத்திரையால் ஆறாது. நாணுக்கு மெல்ல மெல்லப் பளு கொடுத்துப் பழக்க வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சியைத்தான் நானும் சொல்லித் தருகிறேன். படியின் நுனியில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். 15 முறை, 3 சுற்று. இந்த மூன்று சுற்றையும் முழங்காலை நீட்டி ஒரு தடவை, லேசாக மடக்கி ஒரு தடவை. தினம் இருவேளை, 12 வாரம். லேசாக வலித்தால் பரவாயில்லை. கைப்பிடியை விடாதீர்கள். நாண் எலும்பில் ஒட்டுமிடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம், தரையில் செய்யுங்கள்.

கேள்வி: கால் வலிக்கு என்ன தைலம் தடவலாம்?

எந்தக் கால், எந்த இடம், எத்தனை நாளாக, என்ன வயது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இவை இல்லாமல் பதில் இல்லை.

கேள்வி: கபடியில் மகனின் கணுக்கால் மடங்கி வீங்கியிருக்கிறது. சுளுக்கு வழிக்க வேண்டும் என்கிறார் மாமியார். (மன்னார்குடி)

வேண்டாம். புது வீக்கத்தை அமுக்கித் தேய்த்தால் வீக்கம் கூடும். நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. நடக்கிறான் என்றால் ஐஸ், க்ரீப் பேண்டேஜ், காலை உயர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கணுக்காலை மெல்ல அசைக்க விடுங்கள். மூன்று வாரம் படுக்க வைத்தால் தசை இளைக்கும்.

கேள்வி: குழந்தைக்கு நாலு மாதம். தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு சுரீர் என்கிறது.

குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துத் தூக்காதீர்கள் அம்மா. உள்ளங்கையைக் குழந்தையின் முதுகுக்கும் பின்பக்கத்துக்கும் அடியில் கொடுத்து அள்ளுங்கள். மணிக்கட்டோடு கட்டைவிரலையும் அசையாமல் பிடிக்கும் பட்டை (ஸ்ப்ளின்ட்) மூன்று நாலு வாரம் போடுங்கள். பாலூட்டுவதால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை வேண்டாம்.

கேள்வி: இரவு முழுக்க பஸ்ஸில் வந்தேன். இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, கனமாக வலிக்கிறது. எண்ணெய் தேய்க்கலாமா?

தேய்க்கவே கூடாது. ரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போய், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.