நர்சிங் படிக்கும் மகள்மேல் கேஸ் வந்துவிடுமோ என்று பயப்படும் அப்பாவுக்கு

சார், பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டில் வார்டு போஸ்டிங் தொடங்கியதிலிருந்து உங்கள் மகள் "மருந்து மாறிப்போனால் ஜெயிலாமே" என்று அழுகிறாள், வேறு கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.

முதலில் சட்டத்தை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுப்படி அலட்சியத்தால் ஒரு உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை, பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது நடந்தால் 2 ஆண்டு வரை. அந்தக் குறைந்த தண்டனை டாக்டருக்கு மட்டும்தான், நர்ஸுக்கு இல்லை. இது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் தவறு நடந்தாலே கிரிமினல் குற்றம் ஆகிவிடாது. மருத்துவத் தொழிலில் இருப்பவர்மேல் குற்ற வழக்கு நிற்க வேண்டுமென்றால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பாரோ அதைச் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் சட்டத்தைத் தனியாகவும் கிளினிக்கலைத் தனியாகவும் படிக்காமல், வார்டில் கை செய்கிற வேலையோடு சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சுகர் சடாரென்று இறங்கி நோயாளி நினைவிழந்துவிடலாம். பாட்டில் லேபிளையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான், நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், டிரிப்பில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். யார் அவசரப்படுத்தினாலும் "எனக்குச் சந்தேகமா இருக்கு சிஸ்டர், ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்ல அவள் பழக வேண்டும். மாணவி தனியாக மருந்து கொடுக்கவே கூடாது, டியூட்டரோ ஸ்டாஃப் நர்ஸோ கூட இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் எழுதுவது. கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 20 என்று வரிசையாக இருந்தால், எண்ணாமல் எழுதியது என்று பார்த்த உடனே தெரியும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத்தான் எழுத வேண்டும். "இரவு 2.10, பி.பி. 80/50, டியூட்டி டாக்டருக்குப் போனில் சொல்லப்பட்டது, 2.20-க்கு வந்து பார்த்தார்" என்ற இந்த ஒரு வரிதான் மூன்று வருஷம் கழித்து நுகர்வோர் கோர்ட்டில் கேள்வி வந்தால் அவளுக்காகப் பேசும். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு கையெழுத்திட வேண்டும், ஒயிட்னர் தொடவே கூடாது. மருந்து கொடுப்பதற்கு முன்பே 'கொடுத்தாச்சு' என்று டிக் அடிக்கிற பழக்கம் எந்த சீனியரிடம் இருந்தாலும் இவளுக்கு ஒட்டக் கூடாது.

ஆபரேஷன் சம்மதப் படிவமும் முக்கியம். விளக்கிச் சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. "என்ன ஆபரேஷன்னே தெரியலைம்மா" என்று நோயாளி சொன்னால் கையெழுத்து வாங்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் தீர்ப்பே இருக்கிறது. பிரசவ வார்டுக்கு 18 வயது ஆகாத பெண் வந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் போயாக வேண்டும், குடும்பம் கெஞ்சினாலும் மறைப்பது குற்றம். மாணவி உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியே யாரிடமும், வாட்ஸ்அப் குரூப்பிலும், மூச்சுவிடக் கூடாது.

அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கு இப்போதே கோச்சிங் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதை நான்காம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே வேலைக்கு அனுப்புங்கள். "முதல்ல வந்து சேரும்மா, பதிவு அப்புறம் பண்ணிக்கலாம்" என்று எந்த நர்சிங் ஹோம் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள்.