கேமரா வாங்கும் முன் ஏணியில் ஏறிப் பாருங்கள்

வீட்டுக்கும் கடைக்கும் வைஃபை கேமரா மாட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் கேமரா, இன்வெர்ட்டர் மாட்டும் தொழில் செய்பவர் பதில் சொல்கிறார்.

கே: கும்பகோணம் பக்கத்து அக்ரகாரத்தில் எங்கள் பழைய வீடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். ஆன்லைனில் இரண்டு வைஃபை கேமரா வாங்கி மாட்டினேன். வாசல் கேமரா ஒழுங்காக ஓடுகிறது. கொல்லையில் இருப்பது பாதி நேரம் ஆஃப்லைன். கேமராவை மாற்றிவிடலாமா? (சென்னை வாசகர்)

ப: மாற்ற வேண்டாம். கொல்லைக் கேமராவைக் கழற்றி வாசலில் மாட்டிப் பாருங்கள், அதுவும் நன்றாகவே ஓடும். கோளாறு வீட்டின் நீளத்தில் இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைத் தாழ்வாரம் என்று நம் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைவாக, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இன்டர்நெட் கொடுக்க வந்தவர் ரேழியிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு வயர் மிச்சம். அங்கிருந்து கொல்லைக்கு நாலைந்து சுவர், எல்லாம் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடிச்சுவர். நடுவில் இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் வேறு இருக்கும். அப்புறம் எங்கே சிக்னல் போய்ச் சேருவது?

அடுத்த முறை ஊருக்கு வரும்போது வைஃபை சிக்னலை அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, கேமரா இருக்கும் இடத்துக்கே ஏணியில் ஏறுங்கள். கீழே நின்று பார்த்தால் ஒரு கணக்கு காட்டும், எட்டடி உயரத்தில் ஓட்டுக்கு அடியில் வேறு கணக்கு காட்டும். கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுப் பாருங்கள், ராத்திரி அப்படித்தானே இருக்கும்? மைனஸ் 65, அல்லது மைனஸ் 60, 50 என்று பூஜ்ஜியத்துக்கு இன்னும் பக்கத்தில் வந்தால் கவலை இல்லை. மைனஸ் 75-ஐத் தாண்டி 80, 85 என்று போனால் எந்தக் கம்பெனி கேமராவும் ஒழுங்காக ஓடாது.

இதற்கு வழி உங்கள் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. அங்கே சுவர் கிடையாது. ரவுட்டரை முற்றத்துத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினாலே பல வீடுகளில் சரியாகிவிடுகிறது. அப்படியும் ஆகவில்லை என்றால் கொல்லைப்பக்க அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் என்ற பெட்டி ஒன்றை வையுங்கள். பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் எனக்குப் பிடிக்காத சாமான். சிக்னல் செத்துக் கிடக்கும் இடத்தில்தான் எல்லாரும் அதைச் சொருகுகிறார்கள். வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துத் தரும்?

இன்னொன்று, ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4-ல்தான் இயங்கும். சுவர் தாண்டி அதிகம் போவதும் அதுதான். ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கேமராக்கள் சேர மறுத்து அடம் பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளிலும் பெரும்பாலும் ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் அந்த லைன் போயிருக்கும். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் அதிலிருந்து ஒரு பாயின்ட் எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போன நேரத்தில் கேமராவும் தூங்கினால் அதை வைத்து என்ன பயன்?

கே: கூடத்திலும் ஒன்று வைக்கலாம் என்று பார்க்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? (அதே வாசகர்)

ப: அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம். மத்தியானம் அவர் பாயை விரித்துப் படுக்கிற இடம் அது. அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம் என்றால் காலையும் மாலையும் போன் பேசுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். ரேழியில் கதவைப் பார்த்து ஒரு கேமரா போதும், யார் வந்தார்கள் போனார்கள் என்று தெரிந்துவிடும்.

கே: தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை நெம்பி உள்ளே வந்து கல்லாவை எடுத்துப் போய்விட்டார்கள். கேமராவில் ஆள் தெரிகிறான், முகம் தெரியவில்லை. 2 மெகாபிக்சல் கேமரா. 4 மெகாபிக்சல் வாங்கினால் தெரியுமா?

ப: கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் சர்வதேச அளவுகோல். கடைகளில் அதிகம் விற்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது நூறு டிகிரிக்கு மேல் அகலமாகப் பார்க்கும். முழுக் கடையும் ஒரே படத்தில் தெரிகிறது என்று வாங்குகிறவருக்கு சந்தோஷம். ஆனால் அந்த லென்ஸில் 250 புள்ளிக் கணக்கு சுமார் பத்தடி தூரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஆள் தெரியும், சட்டை நிறம் தெரியும், முகம் மட்டும் தெரியாது.

4 மெகாபிக்சலில் குறுக்கே 2560 புள்ளி. பத்தடி பதின்மூன்று அடி ஆகும், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு லென்ஸை மாற்றலாம். அதே 2 மெகாபிக்சலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் சுமார் இருபத்தைந்து அடி வரை முகம் வரும். பார்வை குறுகலாகிவிடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. அதனால் எதுவும் வாங்காமல் முதலில் இருக்கிற கேமராவை இறக்கி மாட்டுங்கள். உங்களுடையது ஷட்டருக்கு மேலே உயரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து தெரிவது தலைமுடியும் தொப்பியும்தான். உள்ளே வருகிறவன் கடந்தே தீர வேண்டிய இடம் கவுன்ட்டர் பலகை. அதற்குப் பின்னால், ஏழெட்டு அடி உயரத்தில், வாசலைப் பார்த்து ஒன்று இருக்கட்டும். கிழக்குப் பார்த்த கடை என்றால் காலை வெயில் நேராக லென்ஸில் அடித்து வருகிறவர்கள் எல்லாம் கறுப்பு உருவமாகத் தெரிவார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்திக் காட்டும் டபிள்யூடிஆர் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அது ஓரளவு சமாளிக்கும்.

ஆணி அடிப்பதற்கு முன் அந்த இடத்தில் ஏறி நின்று, கடைப் பையனை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நடந்து வரச் சொல்லி, கேமராவைக் கையில் பிடித்தபடியே பதிவு செய்து பாருங்கள். அவன் முகம் உங்களுக்குத் தெரிவது பெரிதில்லை, அவனைத் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி ஆளைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

கே: பட்டுக்கோட்டை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மோட்டார் கொட்டகையில் காப்பர் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே வைஃபை கிடையாது. சோலார் கேமரா வைக்கலாமா அண்ணா? (ஒரு வாசகி)

ப: வைக்கலாம் தங்கச்சி. சிம் போடும் 4ஜி கேமராவும் அதற்கான சோலார் பேனலும் சேர்ந்தே வருகின்றன. வாங்குவதற்கு முன்னால் கொட்டகை வாசலில் நின்று எந்தக் கம்பெனி சிம்மில் வீடியோ கால் விட்டுப்போகாமல் வருகிறது என்று பாருங்கள். வீட்டில் நன்றாக எடுக்கும் சிம் தோப்பில் எடுக்கும் என்று நம்பாதீர்கள்.

பேனலுக்கு வெயில் வேண்டும், உங்களுக்கோ தோப்பு முழுக்க நிழல். மட்டை நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலும் மின்சாரம் பாதிக்கு மேல் குறையலாம். கொட்டகைக் கூரைமேல் திறந்த இடம் பார்த்து, தெற்கு நோக்கி, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் வையுங்கள். மழைத்தண்ணீர் வழிந்து தூசியும் கழுவிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வானம் மூடிக்கிடக்கும். அப்போது பேட்டரி தாங்க வேண்டும் என்றால், ஆள் வந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்யும் முறையில்தான் வைக்க வேண்டும். சிம் டேட்டாவும் மிச்சம்.

அப்படி விழிக்கவைப்பது பிஐஆர் என்ற சென்சார். உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் வெளியே 37, 38 டிகிரி இருக்கும்போது வித்தியாசமே இல்லாததால் சென்சார் மந்தமாகிவிடும். ராத்திரி அந்தத் தொல்லை குறைவு. நேராக எதிரே நடந்து வருகிறவனைவிடக் குறுக்கே போகிறவனை அது சட்டென்று பிடிக்கும். அதனால் வரப்புப் பாதையை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

தென்னை மரத்தில் கட்டாதீர்கள், காற்றில் ஆடி ஆடி ராத்திரி முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும். கான்கிரீட் கம்பமோ கொட்டகைச் சுவரோ நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் பேனலைக் கழற்றி உள்ளே வைக்கிற மாதிரி போல்ட் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் பக்கத்துத் தோப்புகள் என்ன ஆயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயரை அறுக்க வருகிறவன் கேமராவையும் பிடுங்கிக்கொண்டு போகலாம். போனால் படம் பதிவான மெமரி கார்டும் போச்சு. அதனால் படம் உடனே போனுக்கோ கிளவுடுக்கோ போகும்படி அமைத்துவிடுங்கள், மாதச் சந்தா கட்டுவதாக இருந்தாலும் இந்த இடத்துக்கு அது நியாயம்.

கே: கேமராவில் போடும் 128 ஜிபி கார்டில் எத்தனை நாள் பதிவு இருக்கும்? (மயிலாடுதுறை வாசகர்)

ப: வீடியோவைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் நொடிக்கு 1 மெகாபிட் அளவில் பதிவானால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, ஆக பதினோரு நாள். 2 மெகாபிட் என்றால் அதில் பாதி. நிறைந்ததும் பழையதை அழித்து எழுதும். இடைவிடாமல் எழுதி எழுதிச் சாதாரண போன் கார்டு சீக்கிரமே தேய்ந்துவிடும். ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்டிருக்கும் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

கே: நம் வீட்டுக் கேமராவை வேறு யாரோ உட்கார்ந்து பார்ப்பார்கள் என்கிறார்களே, நிஜமா? (மன்னார்குடி வாசகி)

ப: நடந்திருக்கிறது. கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்து, 2016-ல் மிராய் என்ற வைரஸ் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. அதே ஓட்டை வழியாகப் படத்தையும் பார்க்க முடியும். நம் ஊரிலும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று மத்திய அரசு 2024-ல் விதி கொண்டுவந்து, 2025 ஏப்ரலில் அமலாக்கியது. பெட்டிமேல் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்டிக்யூசி என்ற மத்திய அரசு அமைப்பின் சோதனையில் தேறியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஆனால் நான் அடிக்கடி பார்க்கிற ஓட்டை வெளிநாட்டில் இல்லை, உள்ளூரில் இருக்கிறது. மாட்ட வருகிற பையன் அவசரத்தில் தன் போன் நம்பரிலேயே கேமராவைப் பதிவு செய்து, உங்களுக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கேமராவுக்கு முதலாளி அவன்தான், நீங்கள் விருந்தாளி. அவன் தப்பானவனாக இருக்க வேண்டியதில்லை, அவன் போன் தொலைந்தாலே போதும். உங்கள் நம்பரில், உங்கள் கண்ணெதிரே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால் ரீசெட் செய்து மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலைதான். ஓடிபி கேட்டு உள்ளே விடும் இரட்டைப் பூட்டையும் போட்டு வையுங்கள்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் கேமரா எங்கள் கொல்லையில் குளிக்கும் இடத்தைப் பார்க்கிறது. கேட்டால் ‘என் சுவர், என் கேமரா’ என்கிறார். (திருவாரூர் வாசகி)

ப: சுவர் அவருடையதுதான், பார்வை எங்கே விழுகிறது என்பதில் சட்டம் இருக்கிறது. ஒரு பெண் குளிக்கும் இடம் போன்ற அந்தரங்கத்தைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-வது பிரிவில் குற்றம். அதை எடுத்த எடுப்பில் சொல்லிச் சண்டையாக்க வேண்டாம். அந்த மூலையை மட்டும் கறுப்பாக மறைக்கும் ‘பிரைவசி மாஸ்க்’ பல கேமராக்களில் உண்டு. அவருடைய போனை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் திறக்கச் சொல்லி அதைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் போலீஸ் ஸ்டேஷன்.

கே: மழைக்காலத்தில் ராத்திரி படம் முழுக்க வெள்ளையாகத் தெரிகிறதே? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: சிலந்தி. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் அது கட்டும் வலையில் கேமராவின் இன்ஃப்ராரெட் ஒளி பட்டுத் திரும்புகிறது. ஒட்டடைக் குச்சியால் வாரம் ஒருமுறை தட்டுங்கள். கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் ஆணியும் திருகும் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள். வெளியே மாட்டுவது, தூசியும் தண்ணீரும் தாங்குவதைச் சொல்லும் ஐபி66 தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கே: மன்னார்குடியில் அரிசி மில்லுக்குப் புது ஆபீஸ் கட்டுகிறோம். எட்டுக் கேமரா வேண்டும். வயரா, வைஃபையா?

ப: வயர். கட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டீர்கள், நல்லது. எட்டுக் கேமராவும் ஒரே வைஃபையில் தொங்கினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மில் மோட்டார்களும் தகரக் கொட்டகையும் வேறு இருக்கின்றன. விவரம் தெரிந்த திருடன் ஜாமர் வைத்து வைஃபையை முடக்கவும் முடியும். பிஓஇ முறையில் ஒரே லேன் கேபிளில் கரண்டும் படமும் போகும். ஸ்விட்ச்சிலிருந்து கேமரா வரை 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அதுதான் எல்லை. உமித்தூசி பறக்கும் இடத்தில் மாட்டுவதைக் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் துடைக்க யாரும் ஏணி தூக்கி வரமாட்டார்கள். எலக்ட்ரீஷியன் சுவரில் குழாய் பதிக்கும் முன்னால் எட்டு இடத்தையும் சாக்பீஸால் குறித்துக் கொடுத்துவிடுங்கள். பூச்சு முடிந்த பிறகு கூப்பிட்டால் சுவருக்கு வெளியேதான் குழாய் ஓட்ட முடியும், அது உங்கள் புது ஆபீஸுக்கு அழகாக இருக்காது.