“யெஸ்டர்டே ஐ லே ஆன் த பெட்” எப்படிச் சரி? ‘லே’ என்றால் ‘வைத்தல்’ தானே?

கேள்வியில் இருக்கும் வாக்கியம் “யெஸ்டர்டே ஐ லே ஆன் த பெட்”. அது சரியான ஆங்கிலம்தான். அங்கே வரும் ‘லே’ நீங்கள் நினைக்கும் ‘வைத்தல்’ அல்ல. படுத்தல், கிடத்தல் என்று பொருள்படும் ‘லை’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே: எல், ஏ, ஒய். ஒலியும் ஒன்றே. ஒரு வினையின் இறந்தகாலம் இன்னொரு வினையின் பகுதியாகவும் (அடிச்சொல்லாகவும்) இருப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

முதலில் வடிவங்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். இங்கே இருப்பவை மூன்று வினைகள்.

படு, கிட: லை (எல்-ஐ-ஈ). இறந்தகாலம் லே. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றோடு வரும் மூன்றாம் வடிவம் லெய்ன் (எல்-ஏ-ஐ-என்). ‘இங்’ வடிவம் லையிங் (எல்-ஒய்-ஐ-என்-ஜி).

வை, கிடத்து, பரப்பு, முட்டையிடு: லே (எல்-ஏ-ஒய்). இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் லெய்ட் (எல்-ஏ-ஐ-டி). ‘இங்’ வடிவம் லேயிங்.

பொய் சொல்: இதுவும் லை (எல்-ஐ-ஈ). இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் லைட் (எல்-ஐ-ஈ-டி). ‘இங்’ வடிவம் லையிங்.

மூன்றாவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். அது முழுக்க ஒழுங்கான வினை. ஒரே எச்சரிக்கை: “ஹி லைட் ஆன் த பெட்” என்று எழுதினால் ‘கட்டிலில் பொய் சொன்னான்’ என்று ஆகிவிடும். படுத்தான் என்பதற்கு ‘லே’ மட்டுமே.

முதல் இரண்டையும் பிரிப்பது தமிழருக்குக் கடினமாக இருக்கக் கூடாது. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் இது. கிட, கிடத்து, எழு, எழுப்பு, உயர், உயர்த்து, விழு, வீழ்த்து, அமர், அமர்த்து. தமிழில் நாம் இவற்றை ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. ‘விலை உயர்த்தியது’ என்றால் உடனே காது உறுத்தும். எதை உயர்த்தியது என்று கேட்போம். ஆங்கிலத்திலும் அதே கேள்வியைக் கேட்டால் போதும். ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்பதற்கு வாக்கியத்தில் விடை இருந்தால் ‘லே, லெய்ட், லெய்ட்’. விடை இல்லையென்றால் ‘லை, லே, லெய்ன்’.

“ஷி லெய்ட் த பேபி ஆன் த மேட்”: யாரைக் கிடத்தினாள்? குழந்தையை. “த சீஃப் மினிஸ்டர் லெய்ட் த ஃபௌண்டேஷன் ஸ்டோன்”: எதை நாட்டினார்? அடிக்கல்லை. “த ஃபைல் ஹேஸ் லெய்ன் ஹியர் ஃபார் அ மன்த்”: கோப்பு ஒரு மாதமாக இங்கே கிடக்கிறது. இங்கே ‘எதை’ என்ற கேள்விக்கே இடமில்லை. “ஐ லெய்ட் டௌன் ஆஃப்டர் லஞ்ச்” என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ‘லே டௌன்’ என்பதே சரி. ‘ஐ லெய்ட் மைசெல்ஃப் டௌன்’ என்றால் சரியாகிவிடும், ஏனென்றால் ‘என்னை’ என்ற செயப்படுபொருள் வந்துவிட்டது. ஒரு விதிவிலக்கு உண்டு. கோழி முட்டையிடுவதைச் சொல்லும்போது முட்டை என்ற சொல்லை விட்டுவிட்டு “ஹென்ஸ் லே வெல்” என்பார்கள். செயப்படுபொருள் மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

லை, லே மட்டுமல்ல, சிட் (அமர்), செட் (அமர்த்து), ரைஸ் (உயர்), ரெய்ஸ் (உயர்த்து) போன்ற இணைகளும் ஏன் இப்படி அமைந்தன என்று தெரிந்தால் மனப்பாடம் பாதியாகக் குறையும். ஆங்கிலத்தின் மூதாதையான ஜெர்மானிய மொழியில், தன்வினையின் இறந்தகால உயிரொலியை எடுத்து, அதோடு ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை செய்தார்கள். லே, செட் இரண்டும் அப்படிப் பிறந்தவை. விகுதி காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது. உயிரொலி மட்டும் மிஞ்சியது. அதனால்தான் ‘வை’ என்னும் ‘லே’, ‘படுத்தேன்’ என்னும் ‘லே’யைப் போலவே இருக்கிறது. ‘ரெய்ஸ்’ ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்த கடன். அதே பிறப்புள்ள சொந்த ஆங்கிலச் சொல் ‘ரியர்’, வளர்த்தல் என்ற பொருளில் இன்னும் வழங்குகிறது.

இதனால் ஒரு பயன் உண்டு. இந்த இணைகளில் தன்வினை உயிரொலியை மாற்றிக் காலம் காட்டும்: ரைஸ், ரோஸ், ரிஸன், லை, லே, லெய்ன், ஃபால், ஃபெல், ஃபாலன், சிட், சேட், சேட். வழிவந்த பிறவினையோ பெரும்பாலும் வாலில் ‘டி’ சேர்த்துக்கொள்ளும்: ரெய்ஸ்ட், லெய்ட், ஃபெல்ட். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ‘ஃபெல்’. “த ட்ரீ வாஸ் ஃபெல்ட்” என்பது மரம் வெட்டி வீழ்த்தப்பட்டது. ‘செட்’ மட்டும் மூன்று வடிவத்திலும் ‘செட்’ ஆகவே நிற்கிறது, கடைசி ‘டி’ஓசை ஏற்கெனவே இருப்பதால்.

ரைஸ், ரெய்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாள்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் அதிகம் தவறுவது இங்கேதான். கட்டணம் உயர்ந்துள்ளது: “த ஃபேர் ஹேஸ் ரிஸன்”. கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது: “த ஃபேர் ஹேஸ் பீன் ரெய்ஸ்ட்”. தமிழ் வாக்கியத்தின் வினையைப் பாருங்கள், ஆங்கிலம் தானாக வரும். “ஹேஸ் பீன் ரிஸன்”, “மை சாலரி வாஸ் ரிஸன்” போன்றவை தவறு. செயப்பாட்டுவினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். இந்தத் தன்வினைகளுக்கு அது கிடையாது. ‘உயரப்பட்டது’ என்று தமிழில் சொல்ல முடியாததும் இதனால்தான். ஈஸ்டர் அன்று கேட்கும் “கிரைஸ்ட் இஸ் ரிஸன்” என்பதைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அது செயப்பாட்டுவினை அல்ல. வருதல், போதல், எழுதல் போன்ற வினைகளுக்கு ‘ஹேவ்’ இருக்கும் இடத்தில் ‘பி’ போடும் பழைய வழக்கின் மிச்சம்; பொருள் ‘உயிர்த்தெழுந்தார்’ என்பதே.

உச்சரிப்பும் முக்கியம். ‘ரிஸன்’ என்பதில் முதல் உயிர் குறில். ‘பிரிஸன்’ போல ஒலிக்க வேண்டும், ‘ரைஸன்’ அல்ல. ‘ரைஸ்’ என்ற வினையின் கடைசி ஒலி தொண்டை அதிரும் ஒலி, ‘இஸ்’, ‘வாஸ்’ என்பவற்றின் முடிவைப் போல. அதிர்வில்லாமல் சொன்னால் அரிசி ஆகிவிடும்.

‘அரைஸ், அரோஸ், அரிஸன்’ என்பதும் தன்வினை: சிக்கல் எழுந்தது, “அ ப்ராப்ளம் அரோஸ்”. ‘அரௌஸ்’ அதிலிருந்து பிறந்ததல்ல, ஆனால் பிறவினைப் பொருள் தரும்: சந்தேகத்தைக் கிளப்பியது, “இட் அரௌஸ்ட் சஸ்பிஷன்”.

எல்லா வினைக்கும் இப்படி இணை தேட வேண்டாம். உடைந்தது, உடைத்தான் என்று தமிழ் பிரிக்கும் இடத்தில் ஆங்கிலம் இரண்டுக்கும் ‘ப்ரோக்’ என்றே சொல்லும். ‘இன்க்ரீஸ்’, ‘ஸ்டாப்’, ‘டர்ன்’ எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் இந்தப் பிரிப்பு பெரும்பாலும் அழிந்து, சில இணைகளில் மட்டும் தங்கிவிட்டது. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் ‘லேயிங் ஆன் த பெட்’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். படங்களில் அப்படிக் கேட்டால் அதையே தேர்வில் எழுத வேண்டாம். எழுத்தில் இன்றும் அது பிழையாகத்தான் எண்ணப்படும். விலை, கட்டணம், சம்பளம் பற்றி எழுதும்போது ரைஸா ரெய்ஸா என்று கடைசி நிமிடத்தில் தடுமாறினால் ‘இன்க்ரீஸ்’ போட்டுவிடுங்கள், இரண்டு இடத்திலும் பொருந்தும்.

ஒன்றின் இறந்தகாலம் மற்றொன்றின் பகுதியாக இருக்கும் வேறு சொற்களும் உண்டு. ‘ஃபைண்ட்’ வினையின் இறந்தகாலம் ‘ஃபௌண்ட்’. நிறுவுதல் என்னும் ‘ஃபௌண்ட்’ தனி வினை, அதன் இறந்தகாலம் ‘ஃபௌண்டட்’. பள்ளி 1920இல் நிறுவப்பட்டது என்றால் “வாஸ் ஃபௌண்டட் இன் 1920”. ‘வாஸ் ஃபௌண்ட்’ என்றால் கண்டுபிடிக்கப்பட்டது. ‘சீ’ வினையின் ‘சா’வும் ரம்பத்தால் அறுக்கும் ‘சா’வும் அதே வகை.

எழுத்துக்கூட்டலில் ஒன்று. ‘ப்ளே’, ‘ஸ்டே’, ‘டிலே’ எல்லாம் ஒய் எழுத்தை வைத்துக்கொண்டு ஈ-டி சேர்க்கும். ‘லே’, ‘பே’, ‘சே’ மூன்றும் அப்படியல்ல. ஒய் மறைந்து ஏ-ஐ-டி ஆகும். எனவே எல்-ஏ-ஒய்-ஈ-டி என்று எழுதுவது தவறு. முன்னொட்டு சேர்ந்தாலும் இதுவே விதி: வைத்த இடம் மறந்துபோனால் ‘மிஸ்லெய்ட்’, தங்கக் கம்பி பதித்த வேலைப்பாடு ‘இன்லெய்ட்’. ‘ரிலே’ மட்டும் இரண்டு வழியும் போகும். செய்தியை, ஒளிபரப்பை வாங்கி அனுப்பினால் ஒய்-ஈ-டி. பெயர்த்த தரை ஓடுகளை மறுபடி பதித்தால் ஏ-ஐ-டி.