பண்ருட்டிப் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில், அதிகம் பராமரிக்கத் தேவையில்லாத பழத்தோட்டம் போட முடியுமா?

நீங்கள் இருப்பது புதுச்சேரியில், கொல்லைக்குப் போக முடிவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், என்னென்ன கன்று வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கொல்லையும் அதே செம்மண்தான். கன்று வாங்குவதை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். இந்த மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரும் காற்றும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்பா வைத்த முந்திரி அத்தனையும் ஒரே பொழுதில் சாய்ந்துவிட்டது. வேறு மரம் இல்லாததால் அடுத்த வருஷம் கையில் ஒன்றுமில்லை. வரப்போரப் பனைகள் அப்படியே நின்றன. கொட்டை விழுந்து தானாக முளைத்த ஒரு பலாவும் கிளை முறிந்து நின்றது. பையில் வளர்த்து நட்ட பலாக்கள் வேரோடு வந்துவிட்டன. குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். பையின் அடியில் முட்டிய ஆணிவேர் சும்மாடு மாதிரி சுருண்டு கிடந்தது.

அதிலிருந்து பலாவை நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையாக ஊன்றுகிறேன். கொட்டை காய்ந்தால் முளைக்காது, பழம் அறுத்த கையோடு ஊன்றிவிட வேண்டும். தாய்மரத்தின் ருசி அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. நல்ல ரகம் வேண்டுமென்றால் முளைத்த கன்றிலேயே ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அது ஓடாமல் நிலத்துக்குள் இறங்க, சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். மட்டம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். சம நீளமுள்ள இரண்டு கழிகளை உச்சியில் கட்டி விரித்து, நடுவே ஒரு குறுக்குக் கழி கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்க விட்டால் போதும். நூல் குறுக்குக் கழியின் நடுவில் நிற்கும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டம். ஆரோவில்லில் 1968க்குப் பிறகு மொட்டைச் செம்மண் மேட்டைக் காடாக்கியவர்களும் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தித்தான் அதைச் செய்தார்கள். ஆனால் மரத்தை வாய்க்காலுக்குள் வைக்காதீர்கள், வரப்பின் மேல் வையுங்கள். நான் உள்ளே வைத்த மூன்று பலாக் கன்றுகளும் கார்த்திகைத் தண்ணீரில் வேர் அழுகிச் செத்தன.

முதல் வருஷம் ஆடியில் தழை உரத்துக்காகச் சணப்பு, தட்டைப்பயறு, துவரை, கொழுஞ்சி எல்லாம் கலந்து விதைத்து, பூ எடுக்கும்போது அறுத்து அங்கேயே பரப்புங்கள். கொழுஞ்சியை மட்டும் கொஞ்சம் முற்ற விட்டால் அப்புறம் அதுவே விழுந்து முளைத்துக்கொள்ளும். பின்னால் கன்று வைத்ததும், இப்படி மண்ணை மூடப் பரப்பும் மூடாக்கு அதன் தண்டைத் தொடக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். ஒட்டிப் போட்டால் கரையான் பட்டையில் ஏறிவிடும்.

வேலிக்குக் கிளுவையும் நொச்சியும் வையுங்கள், நொச்சியை ஆடு கடிக்காது. அதை ஒட்டிப் பனங்கொட்டை. உள்ளே பலாவும் மாவும் 25, 30 அடி இடைவெளியில். நடுவில் சீதா, கொய்யா, எலுமிச்சை. இரண்டு மரத்துக்கு ஒரு கிளைரிசிடியா (தழை உர மரம்) போத்து, அதாவது கிளைத் துண்டு, நட்டு, வளர வளர வெட்டிக் கன்றடியில் போடுங்கள், உரச் செலவு குறையும். பலாவும் மாவும் கோடையில் முடியும், சீதா ஆவணி, புரட்டாசிக்கு வரும். பறிக்கிற வேலை ஒரே மாதத்தில் குவியாது, ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு இது பெரிய விஷயம்.

முந்திரி நாலைந்து மட்டும் போதும். அதில் முசுறு, அதாவது இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, கூடு கட்டினால் கலைக்காதீர்கள். கடிக்கும்தான், ஆனால் தளிரையும் பூவையும் கருக வைக்கிற தேயிலைக் கொசு என்ற பூச்சியை அதுதான் பிடித்துத் தின்கிறது. எங்கள் கொல்லையில் முசுறு இருக்கும் மரங்களுக்கு மருந்து அடிப்பதே இல்லை.

இன்னொன்று. முதல் இரண்டு கோடைக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமை போதாது. வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். மூன்றாவது வருஷ மழைக்காலத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை அரிவாளோடு போனால் போதும்.