ஆதிச்சநல்லூர் பரம்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இறந்தோரை அடக்கம் செய்த பெரிய மண்பானைகளான தாழிகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தூத்துக்குடி மாவட்டத்தில் அத்தகைய தாழிகள் புதைந்த பரம்பு (மேட்டுநிலம்) உள்ள ஆதிச்சநல்லூரைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்குச் சொன்னதை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளவும்.

கேள்வி: தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா? எப்படிப் போவது?

உண்மைதான். 2023இல் திறந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் 25 கிலோமீட்டர் இருக்கும். கருங்குளம் தாண்டியதும் இறங்கத் தயாராக இருங்கள். சாலையே பரம்பை ஊடறுத்துத்தான் போகிறது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், மரநிழல் குறைவு. கீழே கிடப்பது எதையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: வயது முதிர்ந்து சுருங்கிப்போனவர்களை உயிரோடு தாழியில் வைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடினார்களாமே? என் பாட்டி சொன்னார்.

என் பாட்டியும் சொன்னார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழகத் தாழிகளில் குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. அவர்கள் எந்த முதுமையில் சுருங்கினார்கள்? பல தாழிகளில் இருப்பது முழு உடலே அல்ல, பிறகு பொறுக்கிச் சேர்த்து வைத்த எலும்புகள். தாழியில் கவிப்பது இறந்தோரை அடக்கம் செய்யும் முறைகளில் ஒன்று என்று மணிமேகலையே பட்டியலிடுகிறது.

கேள்வி: பரம்புக்குப் பக்கத்தில் எங்களுக்கு மனை இருக்கிறது. வீடு கட்டலாமா?

‘பக்கத்தில்’ என்றால் எத்தனை மீட்டர்? அதை எழுதாமல் நான்கு பக்கத்துக்குக் குடும்ப வரலாறு எழுதியிருக்கிறீர்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். அளவை எல்லைக்கல்லிலிருந்து தொடங்குங்கள், கண்ணாடிக் கூடத்திலிருந்து அல்ல. அஸ்திவாரம் தோண்டிவிட்டு மனுப் போடுகிறவர்களுக்கு என்னிடம் அனுதாபம் கிடையாது.

கேள்வி: சென்ற ஞாயிறு குடும்பத்தோடு போயிருந்தோம். கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்றையும் ஒரு மணியையும் என் மகன் பொறுக்கி வந்தான். படம் இணைத்திருக்கிறேன். வயது என்ன? என்ன விலை போகும்?

முதலில், படத்தில் அளவுகோல் இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தையாவது பக்கத்தில் வைத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன்.

அளவு தெரிந்திருந்தாலும் வயது சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. அந்த ஓடு தாழிக்குள் இருந்ததா, வெளியே படைத்துவைத்த கிண்ணத்தின் உடைசலா, ஆடு மிதித்து மேலே வந்ததா? அதற்கான விடை அது கிடந்த மண்ணில் இருந்தது. உங்கள் மகன் ஓட்டை எடுத்தான், விடையை அங்கேயே விட்டுவிட்டான்.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை இங்கே தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவம் வைத்த வெண்கல மூடிகள், இரும்பு ஆயுதங்கள் என்று அள்ளிக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்று பழம்பொருளின் வயதைக் காணும் கார்பன் கணிப்பே கிடையாது. ஆனாலும் எந்தப் பொருள் எதனோடு கிடந்தது என்று இன்று நாம் கேட்கும் நுணுக்கத்துக்கு அவருடைய பதிவில் பதில் இல்லை. கி.மு. 900ஐ ஒட்டிய காலம் என்று சொல்ல முடிந்தது, 2004இல் தொடங்கிய அகழாய்வில் எந்த மண் அடுக்கு என்று குறித்து எடுத்த மாதிரிகளால்தான். பயிற்சி பெற்றவர் தோண்டியதற்கே இந்த நிலை என்றால், சட்டைப்பையில் போட்டு வந்த ஓட்டுக்கு என்ன மிஞ்சும்?

நான் வேலை செய்த ஓர் அகழாய்வு மேட்டில், மாணவர்கள் சுற்றுலா வந்துபோன மறுநாள் காலை குழியின் பக்கச்சுவரில் பல் விழுந்த வாய்போலத் துளைகள் இருந்தன. அடுக்கு வரைபடம் பாதி முடிந்திருந்த சுவர் அது. ஆசிரியரே முதல் பானை ஓட்டைப் பிடுங்கிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு ‘சும்மா ஞாபகத்துக்கு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து பொருளை அகற்றுவது குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உரிமம் இல்லாமல் தொல்பொருளை விற்பது வேறொரு குற்றம். விலை கேட்டதை நான் மறந்துவிடுகிறேன். மகனையும் அழைத்துக்கொண்டு போய் அங்குள்ள தொல்லியல் அலுவலரிடம் ஒப்படையுங்கள். எந்த இடத்தில் எடுத்தான் என்பதை அவனே காட்டட்டும்.

கேள்வி: பழைய கண்டெடுப்புகள் எங்கே இருக்கின்றன?

ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். அவருக்கு முன்னால் 1876இல் ஜெர்மானியர் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன.

கேள்வி: சிவகளை பழையதா, ஆதிச்சநல்லூர் பழையதா? நண்பர்களுக்குள் பந்தயம்.

பந்தயப் பணத்தில் டீ குடியுங்கள். தூத்துக்குடி மாவட்டத்திலேயே தாழிகள் கிடைத்த இன்னோர் ஊரான சிவகளையில், தாழி ஒன்றில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று கணிப்பு வந்தது. அதே ஊரின் கரி மாதிரிகளை வைத்து இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோய் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு மாதிரியின் வயது. ஊரின் பிறந்தநாள் அல்ல. எந்தத் தாழி, எந்த அடுக்கு என்று கேட்காதவர்களோடு வயதைப் பற்றி நான் பேசுவதில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பொட்டலில் வட்டமாகக் கற்கள் நிற்கின்றன. பாண்டவர் குழி என்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா?

கூடாது. அதுவும் இறந்தோரைப் புதைத்த பழைய இடமாக இருக்கலாம். நின்ற இடத்திலேயே, நாணயம் வைத்து, படம் எடுத்து அனுப்புங்கள். சர்வே எண்ணையும் எழுதுங்கள்.