அமெரிக்காவில் ஒரு சார்ட்டர் பள்ளியை வெற்றிகரமாக நடத்த என்ன வேண்டும்?

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ஒரு சிறிய சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். தொழிலால் நான் கணக்காளன், ஆசிரியன் அல்லன். ஆகவே எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று சொல்வதைவிட, இத்தகைய பள்ளிகள் எதனால் நிலைக்கின்றன, எதனால் மூடப்படுகின்றன என்று சொல்வதற்கே எனக்குத் தகுதி உண்டு.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அன்று. அது கட்டணம் வாங்கக் கூடாது. மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் பெரும்பாலும் குலுக்கல்தான். அரசுப் பணத்தில், அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு தனிக் குழு நடத்தும் பொதுப் பள்ளி அது. மின்னசோட்டா மாநிலம் 1991இல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. டெக்சாஸ் 1995இல் இயற்றியது. நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்கிறது. இங்கே தலைக்கு இவ்வளவு என்று பணம் மட்டும் வரும். பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் பணமும் கூடவே போய்விடும்.

டெக்சாஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து அல்ல, நாள்தோறும் சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்தே பணம் தருகிறார்கள். பட்டியலில் 200 பேர் இருந்து, வருகை 92 விழுக்காடு என்றால் 184 பேருக்குத்தான் பணம். 2019 முதல் 2025 வரை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அடிப்படை ஒதுக்கீடு 6,160 டாலர். வராத அந்த 16 பேரால் இழப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம். வழக்கமான பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களைப் போலச் சொத்துவரி விதித்து இந்தக் குறையை ஈடுகட்டவும் சார்ட்டர் பள்ளிக்கு அதிகாரம் கிடையாது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் ஆண்டு 240 பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தோம். காத்திருப்போர் பட்டியலே அவ்வளவு நீளமாக இருந்தது. ஒரே பெற்றோர் நான்கைந்து பள்ளிகளில் பெயர் கொடுத்து வைப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகஸ்டில் வந்தவர்கள் 198 பேர். அரசோ எங்கள் மதிப்பீட்டை நம்பி மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்களும் 240 பேருக்கான ஆசிரியர்களை நியமித்துச் செலவழித்துக்கொண்டிருந்தோம். கூடுதலாகத் தந்ததை அடுத்த ஆண்டுத் தவணைகளில் பிடித்துக்கொண்டபோது இரண்டு பணியிடங்களை நீக்க நேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் நான் வாசித்த அறிக்கையை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அதன் பிறகு, எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தே வரவுசெலவுத் திட்டம் போடுவது என்று முடிவு செய்தோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனையும் இதுவே. கட்டடத்துக்கும் இன்னும் வராத பணத்தை நம்பிச் செலவழிக்காதீர்கள்: பழைய தேவாலயக் கூடமோ மூடிய கடையோ குறைந்த வாடகைக்குக் கிடைத்தால் அதில் தொடங்குங்கள்.

பணத்தைப் பற்றியே பேசுகிறானே, படிப்பு எங்கே என்று கேட்பீர்கள். நியூயார்க் நகரச் சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்த வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் என்னும் பொருளாதார அறிஞர்கள், வகுப்பின் அளவு, தலைக்கு ஆகும் செலவு, ஆசிரியர்களின் பட்டங்கள் ஆகியவை பள்ளியின் வெற்றியோடு பொருந்தி வரவில்லை என்று கண்டார்கள். ஆசிரியர்களுக்கு அடிக்கடி கருத்துச் சொல்வது, தேர்வு விவரங்களைக் கொண்டு கற்பித்தலைத் திருத்துவது, சிறு குழுக்களாக நெருக்கமாகப் பயிற்சி தருவது, கூடுதல் கற்பித்தல் நேரம், பிள்ளைகளிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகிய ஐந்துமே பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை விளக்கின. இவற்றுள் முதலாவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியை ஒவ்வொரு வகுப்பிலும் வாரத்தில் ஒருமுறை கடைசி வரிசையில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மஞ்சள் தாளில் ஒரே ஒரு வரி எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். 'கேள்வி கேட்டபின் மூன்று விநாடி காத்திருங்கள்' என்பது போல இருக்கும். அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் கவனிப்பார். ஆண்டு இறுதியில் ஒரே நாளில் பத்துப் பக்க மதிப்பீடு தருவதைவிட இது எவ்வளவோ மேல் என்று ஆசிரியர்களே சொன்னார்கள். அவர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்தது.

நிர்வாகக் குழுவில் நண்பர்களையும் உறவினர்களையும் நிரப்பாதீர்கள். சட்டம் தெரிந்த ஒருவர், கணக்குத் தெரிந்த ஒருவர், தலைமை ஆசிரியரிடம் 'இல்லை' என்று சொல்லத் தயங்காத ஒருவர் கட்டாயம் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்வியிலோ நிதியிலோ தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தரம் தாழ்ந்தால் டெக்சாஸில் உரிமம் தானாகவே பறிபோகும். முதலாம் ஆண்டே எச்சரிக்க ஆள் இல்லாத குழு, மூன்றாம் ஆண்டு விழித்துப் பயனில்லை. விரைந்து கிளை விரிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. இன்று நாடெங்கும் பரவியிருக்கும் கிப் (KIPP) என்னும் சார்ட்டர் பள்ளிகளே 1994இல் இதே ஹூஸ்டனில், ஐந்தாம் வகுப்பில் சுமார் 50 பிள்ளைகளோடுதான் தொடங்கின.

வருகையைக் கூட்ட நாங்கள் செய்தது மிக எளிய காரியம். காலை பத்து மணிக்கு வருகைக் கணக்கு முடிந்தவுடன், அலுவலக அம்மையார் வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தொலைபேசியில் பேசுவார். ஏன் வரவில்லை என்று அதட்டாமல், என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் திங்கட்கிழமைதோறும் வராமலிருந்தான். அவன் தாய்க்கு ஞாயிறு இரவு வேலை. விடிந்து வீடு வந்ததும் அயர்ந்து தூங்கிவிடுவார் என்று தெரிந்தது. அதே குடியிருப்பில் இருந்த மற்றொரு மாணவியின் குடும்பம் திங்கட்கிழமைகளில் அவனையும் காரில் அழைத்துவர ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு அதன்பின் அவன் இரண்டு நாள்தான் விடுப்பு எடுத்தான், இரண்டும் காய்ச்சலால்.